நம் ஊர் வெயிலுக்கு எந்தச் சூரியக் கடிகாரம்?

சூரியக் கடிகாரம் அமைப்பது பற்றி வந்த கேள்விகளில் ஒன்றையொன்று தொட்டு நிற்பவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். கணக்குக்கு சைன், காஸ், டேன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் போதும். கோணங்கள் எல்லாம் டிகிரியில்.

கேள்வி: வட்டத் தகடும் நடுவில் முக்கோண முள்ளும் உள்ள தோட்டத்துச் சூரியக் கடிகாரத்தை மொட்டை மாடியில் வைக்க விரும்புகிறேன். சென்னைக்கு மணிக்கோடுகளை எப்படிப் போடுவது? (வாசகர், சென்னை)

முள்ளின் சாய்வான விளிம்பு தரையோடு உங்கள் ஊரின் அட்சரேகைக் கோணத்தில் எழுந்து, உண்மை வடக்கை நோக்கியிருக்க வேண்டும். சென்னைக்கு அது 13.08. அப்போதுதான் அந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். கோடையோ குளிரோ, ஒரே மணிக்கு ஒரே கோட்டில் நிழல் விழும். கோடுகளுக்கான சூத்திரம் இது:

டேன்(கோட்டின் கோணம்) = சைன்(அட்சரேகை) × டேன்(மணிக்கோணம்)

மணிக்கோணம் என்பது உச்சிவேளையிலிருந்து மணிக்கு 15 டிகிரி. சென்னைக்கு விடைகள்: 1 மணிக்கு 3.5, 2 மணிக்கு 7.4, 3 மணிக்கு 12.8, 4 மணிக்கு 21.4, 5 மணிக்கு 40.2, 6 மணிக்கு 90. காலைக்கும் இதே கோணங்கள்தாம், மறுபுறம்.

இந்த எண்களைப் பார்த்தாலே சிக்கல் தெரியும். 30 செ.மீ. விட்டமுள்ள தகட்டின் ஓரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே ஒரு செ.மீ. கூடக் கிடையாது, 5-க்கும் 6-க்கும் இடையே 13 செ.மீ. காலை 9 முதல் மாலை 3 வரை, அதாவது வெயில் நன்றாக இருக்கும் ஆறு மணி நேரமும், 26 டிகிரிக்குள் நெருக்கியடித்து நிற்கும். இதே கடிகாரம் லண்டனில் 12-க்கும் 1-க்கும் நடுவே 11.8 டிகிரி தருகிறது. சைன் 51.5 என்பது 0.78, சைன் 13 என்பது 0.23. வேறுபாடு முழுவதும் அந்த ஒரு பெருக்கலில் இருக்கிறது.

படங்களில் பார்க்கும் தோட்டத்துக் கடிகாரம் வடக்கு நாடுகளின் வெயிலுக்குப் பிறந்த வடிவம். அழகுக்கு வேண்டுமானால் வையுங்கள். நேரம் பார்க்க வேண்டுமானால் அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் சரியாக வேலை செய்யும் வடிவம் எது? மதுரைக்கு அளவுகளோடு சொன்னால் நல்லது. (வாசகர், மதுரை)

துருவக் கடிகாரம். இதில் பலகையே பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்கும். முள் பலகைமேல் செங்குத்தாக நிற்கும் நீளமான ஒரு தகடு. மணிக்கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து விரியாமல், முள்ளுக்கு இணையாக வரிசையாக ஓடும். முள்ளிலிருந்து ஒரு கோட்டின் தூரம் = முள்ளின் உயரம் × டேன்(மணிக்கோணம்). அட்சரேகை இந்தச் சூத்திரத்துக்குள் வருவதே இல்லை. பலகையின் சாய்வில் மட்டும் வருகிறது.

லண்டனில் இந்தப் பலகையை 51 டிகிரிக்கு நிமிர்த்த வேண்டும். மதுரையில் 9.93 டிகிரிதான், ஒரு சாய்வு மேசை மாதிரி. சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே போனாலும் தெற்கே போனாலும் பலகைமேல் வெயில் விழும்.

கிழக்கு மேற்காக 30, வடக்கு தெற்காக 20 செ.மீ. அளவில் கடப்பைக் கல்லோ தடித்த அக்ரிலிக் பலகையோ எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கு 2 மி.மீ. பித்தளை அல்லது அலுமினியத் தகடு: நீளம் 18, உயரம் 5 செ.மீ. மேற்கு ஓரத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி, வடக்கு தெற்காக நிறுத்துங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. காரணம், மதுரை 78.12 தீர்க்கரேகையில் இருக்கிறது. இந்திய நேரமோ 82.5-க்கு உரியது. இடைவெளி 4.38 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 17½ நிமிடம். இந்த 4.38-ஐ 12 மணி வரையான மணிக்கோணங்களில் கூட்டியும், 1 மணி முதலானவற்றில் கழித்தும் கோடுகளைப் போட்டால் கடிகாரம் இந்திய நேரத்துக்கு நெருங்கிவிடும்.

முள்ளுக்கு மேற்கே, செ.மீ.யில்: 8 மணி 10.43, 9 மணி 5.83, 10 மணி 3.42, 11 மணி 1.76, 12 மணி 0.38. முள்ளுக்குக் கிழக்கே: 1 மணி 0.94, 2 மணி 2.40, 3 மணி 4.29, 4 மணி 7.31, 5 மணி 14.21. காலை 7 மணிக் கோடு 26.7 செ.மீ.க்குப் போய்விடும், விட்டுவிடுங்கள். அரைமணி, கால்மணிக் கோடுகளுக்கும் அதே சூத்திரம்தான். இரு கோடுகளுக்கு நடுவே சரிபாதியில் அரைமணியைப் போட்டால் தவறு, ஏனென்றால் டேன் சீராக ஏறுவதில்லை.

மேற்குப் பக்கத் தூரங்களை முள்ளின் மேற்கு முகத்திலிருந்தும், கிழக்குப் பக்கத் தூரங்களைக் கிழக்கு முகத்திலிருந்தும் அளக்க வேண்டும். தகட்டுக்குத் தடிமன் இருப்பதால் காலையில் நிழலின் வெளி விளிம்பை மேற்கு மேல்விளிம்பு உண்டாக்குகிறது, மாலையில் கிழக்கு மேல்விளிம்பு. எல்லாவற்றையும் நடுக்கோட்டிலிருந்து அளந்துவிட்டு "நண்பகல் அருகே எப்போதும் நாலைந்து நிமிடம் இடிக்கிறது" என்று எழுதுபவர்கள் அதிகம். முள்ளின் உயரத்திலும் கவனம் வேண்டும். 1 மி.மீ. கூடவோ குறையவோ இருந்தால் காலை 9, மாலை 3 வாக்கில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகும்.

சாய்வுக்குக் கோணமானி வேண்டாம். 20 செ.மீ. × சைன் 9.93 = 3.45. பலகையின் வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட 3.45 செ.மீ. உயரமாக இருக்கட்டும். சென்னையில் அது 4.53 செ.மீ. சென்னைக்குக் கோடுகளைப் போடும்போது 4.38-க்குப் பதில் 2.23 டிகிரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடுகளை அச்சடித்து ஒட்டுபவர்கள், பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 மணிக் கோட்டை அடிக்கோலால் ஒருமுறை அளந்துவிட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேன், சைன் இன்னும் தெரியாது. அவர்கள் செய்யக்கூடிய சூரியக் கடிகாரம் உண்டா? (ஆசிரியை, திண்டுக்கல்)

உண்டு. அது துருவக் கடிகாரத்தைவிட எளிது, எங்கள் கருத்தில் அதைவிட நல்லதும்கூட. 110 மி.மீ. பிவிசி பைப்பில் 30 செ.மீ. துண்டு வாங்கி, நீளவாக்கில் சரிபாதியாக அறுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து கிடக்கும் அரை பைப்பின் இரு முனைகளிலும் அரைவட்டப் பிளைவுட் அடைப்பு. அரைவட்டத்தின் நேர்விளிம்பில் சரியாக நடுவே, அதாவது பைப்பின் மையத்தில், ஒரு பள்ளம் வெட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கம்பி. அதற்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி பொருத்தம்: ஏறக்குறைய 2 மி.மீ. கனம், நேராக இருக்கும், தொய்யாது. கம்பியின் நீளத்துக்கு ஏற்ப பைப்பை ஒன்றிரண்டு செ.மீ. குறைத்துக்கொள்ளலாம்.

கம்பியின் நிழல் பைப்பின் உட்புறத்தில் விழும். மையத்திலிருந்து உட்சுவர் எங்கும் ஒரே தூரம் என்பதால் நிழல் சீரான வேகத்தில் நகரும். மணிக்கோடுகள் சம இடைவெளியில் அமையும். உட்புறத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அளந்து, 12-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். உள்விட்டம் 104 மி.மீ. என்றால் அரைச்சுற்று 163 மி.மீ., மணிக்கு 13.6 மி.மீ. மேற்கு விளிம்பு காலை 6, அடிப்பகுதி 12, கிழக்கு விளிம்பு மாலை 6. பட்டையை எடுத்துக் காட்டினால் வகுத்தலும் பையும் ஒரே பாடத்தில் முடிந்துவிடும்.

வடக்கு முனையைத் தூக்கி வையுங்கள். திண்டுக்கல்லின் அட்சரேகை 10.37, 30 செ.மீ. பைப்புக்கு 5.4 செ.மீ. உயரம். இது காட்டுவது உள்ளூர்ச் சூரிய நேரம். திண்டுக்கல்லுக்கு 18 நிமிடம் கூட்டி, பின்னால் வரும் மாதத் திருத்தத்தையும் சேர்த்தால் கைக்கடிகார நேரம்.

கெடும் இடங்கள் மூன்று. கையால் அறுத்த பைப் சரிபாதியாக இல்லாவிட்டால் கம்பி மையத்தில் இருக்காது. சித்திரை வெயிலில் மெல்லிய பைப் விரிந்து வளையும், அதனால் கனமான ரகத்தை எடுத்து நடுவிலும் கீழே ஒரு தாங்கல் கொடுங்கள். மூன்றாவது மழை: தெற்கு முனை அடைப்பின் அடியில் ஓர் ஓட்டை போடாவிட்டால் அது கடிகாரமாக இருக்காது, கொசு வளர்ப்பாக இருக்கும்.

கேள்வி: வடக்கைக் கண்டுபிடிக்க போனில் உள்ள திசைகாட்டி போதாதா? (வாசகர், திருநெல்வேலி)

போதாது. மொட்டை மாடித் தளத்துக்குள் கம்பி கட்டியிருக்கிறார்கள்; தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி பக்கத்தில் நிற்கிறது. ஒரே மாடியில் இரண்டு இடங்களில் வைத்துப் பாருங்கள், போன் இரண்டு வடக்கு காட்டும். கட்டடம் இல்லாத இடத்திலும் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல.

கோயிலுக்கும் மனைக்கும் திசை குறிக்க நம் சிற்பிகள் கையாண்ட சங்கு முறையே இதற்குச் சரி. சமமான தரையில் தூக்குக்குண்டு பிடித்து ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள், 30 செ.மீ. போதும், நுனி கூராக இருக்கட்டும். குச்சியின் அடியை மையமாக வைத்து 25, 30, 35, 40 செ.மீ. ஆரங்களில் வட்டங்கள். முற்பகலில் நிழல் சுருங்கி வரும்போது அதன் நுனி ஒவ்வொரு வட்டத்தையும் தொடும் இடத்தில் புள்ளி. பிற்பகலில் நிழல் நீண்டு அதே வட்டங்களைத் தாண்டும்போது மறுபுள்ளி. ஒரே வட்டத்தின் இரு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்து வடக்கு. நான்கு வட்டங்கள் எதற்கு என்றால், மேகம் எந்த வேளையில் வரும் என்று சொல்ல முடியாது. மேலும் நான்கு கோடுகளும் இணையாக வராவிட்டால் குச்சி சாய்ந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

டிசம்பரிலோ ஜூனிலோ செய்வது நல்லது. மார்ச், செப்டம்பரில் சூரியன் காலைக்கும் மாலைக்கும் நடுவிலேயே வடக்கு தெற்காகச் சற்று நகர்ந்துவிடுவதால் கோடு சிறிது திரும்பும்.

கேள்வி: என் சூரியக் கடிகாரம் நவம்பர் தொடக்கத்தில் கைக்கடிகாரத்தைவிட ஆறு நிமிடம்தான் பின்தங்கியது. பிப்ரவரியில் முப்பத்தாறு நிமிடம் பின்தங்குகிறது. கம்பி நகர்ந்துவிட்டதா? (வாசகர், கோயம்புத்தூர்)

நகரவில்லை. இவ்வளவு சரியான வேறுபாடு வந்தால் நன்றாகவே அமைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கோவையின் தீர்க்கரேகை 76.96. அதனால் வரும் 22 நிமிடப் பின்னடைவு ஆண்டு முழுவதும் மாறாது. மாறுவது நேரச் சமன்பாடு. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும், அச்சு 23.44 டிகிரி சாய்ந்திருப்பதும் சேர்ந்து, ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரையான நாளை 24 மணிக்குச் சில விநாடி கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. விநாடிகள் வாரக்கணக்கில் சேர்ந்து நிமிடங்களாகின்றன. நவம்பர் 3 வாக்கில் சூரியன் கடிகாரத்தைவிட 16½ நிமிடம் முந்தியிருக்கும். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தியிருக்கும். 22-லிருந்து 16 போனால் 6. 22-உம் 14-உம் 36.

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்கு நிமிடத்தில்: ஜனவரி 9 பின், பிப்ரவரி 14 பின், மார்ச் 9 பின், ஏப்ரல் சுழி, மே 4 முன், ஜூன் ஏறக்குறையச் சுழி, ஜூலை 6 பின், ஆகஸ்ட் 4½ பின், செப்டம்பர் 5 முன், அக்டோபர் 14 முன், நவம்பர் 15 முன், டிசம்பர் 5 முன். "பின்" என்றால் சூரியக் கடிகார நேரத்தோடு கூட்டுங்கள், "முன்" என்றால் கழியுங்கள். நாள்வாரியாக வேண்டுபவர்கள், ஜனவரி 1-ஐ ஒன்று என எண்ணி வரும் நாள் எண்ணிலிருந்து 81-ஐக் கழித்து, 360/365-ஆல் பெருக்கி, வரும் கோணத்தை "க" என வைத்துக்கொள்ளுங்கள். 9.87 × சைன்(2க) − 7.53 × காஸ்(க) − 1.5 × சைன்(க): விடை நிமிடத்தில், கூட்டல் என்றால் முன். ஒரு நிமிடத்துக்குள் சரியாக இருக்கும்.

இந்தத் திருத்தத்தை நேர்கோடுகளில் ஏற்ற வழியில்லை, தேதிக்குத் தேதி மாறுவதால். கடிகாரத்தின் ஓரத்தில் ஓர் அட்டவணையாகப் பொறித்து வையுங்கள்.

கேள்வி: சூரியன் சரியாகத் தலைக்குமேல் வரும் நிழலில்லா நாளன்று 12 மணிக்குக் குச்சியை நட்டுக் காத்திருந்தோம், நிழல் இருந்தது. ஏன்? (மாணவர், சென்னை)

சீக்கிரம் பார்த்துவிட்டீர்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் உச்சிவேளை 12.07-க்கு, ஆகஸ்ட் 18 வாக்கில் 12.13-க்கு. மேலே சொன்ன இரு திருத்தங்களும்தாம் காரணம்.

கேள்வி: கைவினைப் பொருள் கடையில் வாங்கிய பித்தளைச் சூரியக் கடிகாரம் எந்த நேரத்தையும் சரியாகக் காட்டவில்லை. சரிசெய்ய முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

முதலில் அது உண்மையான கடிகாரமா என்று சோதியுங்கள். 12 மணிக் கோட்டுக்கும் 3 மணிக் கோட்டுக்கும் இடையேயான கோணத்தை அளந்து, அதன் டேன் எடுங்கள். மணிக்கோணம் 45 ஆனால் டேன் 1 என்பதால், கிடைக்கும் எண் நேரடியாக சைன்(அட்சரேகை). 38 டிகிரி இருந்தால் டேன் 0.78; அது லண்டன் பக்கத்து, 51 டிகிரிக்கான தகடு. அடுத்து முள்ளின் சாய்வை அளங்கள். அதுவும் 51 இருந்தால் நல்ல கடிகாரம், தவறான ஊர். இரண்டும் ஒத்துவராவிட்டால், அல்லது கோடுகள் எல்லாம் 15 டிகிரிச் சம இடைவெளியில் இருந்தால், அது எந்த ஊருக்கும் ஆகாது. காகிதத்தின்மேல் வைக்க நல்ல கனம்.

நல்ல கடிகாரமாக இருந்தால் ஆப்பு வைத்துக் காப்பாற்றலாம். புதுச்சேரியின் அட்சரேகை ஏறக்குறைய 12. முள் 51 டிகிரியில் இருந்தால் தெற்குப் பக்கத்தை 39 டிகிரி தூக்குங்கள். முள்ளின் விளிம்பு தரையோடு 12 டிகிரிக்கு வந்துவிடும், கோடுகள் அப்படியே சரியாகிவிடும். தகடு இப்போது லண்டன் தரைக்கு இணையாக நிற்கிறது. ஆகவே டிசம்பரில் அதன்மேல் வெயில் காலை 8-க்கு மேல்தான் ஏறும், மாலை 4-க்கு முன்பே இறங்கிவிடும், புதுச்சேரியில் பளிச்சென்று வெயில் அடித்தாலும்.

கேள்வி: ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் உள்ள பெரிய சூரியக் கடிகாரம் இரண்டு விநாடி துல்லியம் என்கிறார்கள். பெரிதாகக் கட்டினால் துல்லியம் கூடுமா? (வாசகர், சேலம்)

ஓரளவு கூடும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டிய அந்தப் பெரிய சாம்ராட் யந்திரத்தின் சாய்சுவர் ஏறக்குறைய 27 மீட்டர் உயரம். சாய்வு அவ்வூர் அட்சரேகையான 27 டிகிரி. இருபுறமும் வளைந்த கால்வட்டப் படிகளின் ஆரம் 15 மீட்டர் அளவில் இருப்பதால் நிழல் விநாடிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகரும்; நின்று பார்த்தால் நகர்வது கண்ணுக்குத் தெரியும். இரண்டு விநாடிக்கு ஒரு கோடு பொறிக்க இடம் இருக்கிறது.

ஆனால் நிழலின் விளிம்பு கோடாக இருக்காது. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. தன் அகலத்தைக் கடக்க வானத்தில் அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதனால் நிழல் விளிம்பின் மங்கல் எப்போதும் இரண்டு நிமிட அகலம்தான்: 10 செ.மீ. தூரத்தில் 1 மி.மீ., ஜெய்ப்பூரில் 14 செ.மீ. கடிகாரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் மங்கலும் பத்து மடங்காகும். பெரிதாகக் கட்டுவதன் ஆதாயம் கோடுகளை நுணுக்கமாகப் பொறிக்கலாம், கட்டுமானப் பிழை விகிதத்தில் சிறிதாகும் என்பவைதாம். மங்கலைச் சமாளிக்க மெல்லிய குச்சியையோ நூலையோ படிக்கு மேல் பிடித்து, அதன் நிழல் பெரிய நிழலுக்குள் கரையும் இடத்தைக் குறிப்பார்கள். வீட்டுக் கடிகாரத்தில் மங்கலின் நடுவைக் கண்ணால் மதித்தால் அரை நிமிடத்துக்குள் படிக்கலாம்.

இதே காரணத்தால் கம்பி மிக மெல்லியதாக இருக்கவும் கூடாது. கம்பியின் கனத்தைப்போல் 107 மடங்கு தூரம் போனால் முழுநிழலே இருக்காது, 2 மி.மீ. கம்பிக்கு அது 21 செ.மீ. தூண்டில் நரம்பைக் கட்டிவிட்டு நிழல் காணோம் என்று தேடுவதில் பயனில்லை.

கேள்வி: கும்பகோணம் அருகே திருவிசைநல்லூர் சிவயோகிநாதர் கோயிலில் இருப்பதுபோல, வீட்டின் தெற்குச் சுவரில் சூரியக் கடிகாரம் வரைய ஆசை. (வாசகர், கும்பகோணம்)

தெற்குச் சுவருக்குச் சூத்திரம் எளிது: சைனுக்குப் பதில் காஸ். கும்பகோணத்தில் காஸ் 10.96 என்பது 0.98, கோடுகள் கிட்டத்தட்ட 15, 30, 45 என்றே அழகாக விரியும். கம்பி சுவரைவிட்டுக் கீழ்நோக்கி, சுவரோடு 79 டிகிரியில் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஏப்ரல் 18 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 24 வாக்கு வரை உங்கள் ஊரில் சூரியன் நாள் முழுவதும் வடக்கே இருக்கிறது. நான்கு மாதம் அந்தச் சுவரில் வெயிலே படாது. அந்த மாதங்களுக்கு வடக்குச் சுவரில் இன்னொன்று வரைய வேண்டும்.

ஒரே சுவர்தான் என்றால் கிழக்குச் சுவரை எடுங்கள். சுவருக்கு இணையாக, அதிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கம்பி. அதன் வடக்கு முனை 10.96 டிகிரி தூக்கலாக இருக்கட்டும். கம்பிக்கு நேர் பின்னால், கம்பியின் சாய்விலேயே காலை 6 மணிக் கோடு. மற்றவை அதற்குக் கீழே, அதற்கு இணையாக: 7 மணி 2.7, 8 மணி 5.8, 9 மணி 10, 10 மணி 17.3, 11 மணி 37.3 செ.மீ. சூரிய நேரத்தில். ஆண்டு முழுவதும் முற்பகலுக்கு உதவும். சுவர் சரியாகக் கிழக்கு பார்த்திருக்கிறதா என்று சங்கு முறையில் சோதித்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு இணையாகக் கட்டிய வீடுகள் பெரும்பாலும் சில டிகிரி திரும்பியிருக்கும். அப்படியானால் கடிகாரத்தை ஒரு பலகையில் வரைந்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஆப்பு வைத்துத் திருப்பிக்கொள்வது, கோடுகளை மறுபடி கணக்கிடுவதைவிடச் சுலபம்.

கேள்வி: துரும்பை ஒடித்து நாழிகை பார்க்கும் பழைய முறை எவ்வளவு நம்பத்தக்கது? (வாசகர், தஞ்சாவூர்)

தெரியாதவர்களுக்கு: ஒரு நாழிகை 24 நிமிடம். 16 விரற்கடை நீளமுள்ள ஒரு துரும்பை மடித்து, ஒரு பகுதியை நிறுத்தி மறுபகுதியைத் தரையில் கிடத்த வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் முனையைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். நிற்கும் பகுதி எத்தனை விரலோ, முற்பகலில் விடிந்து அத்தனை நாழிகை. பிற்பகலில் சூரியன் மறைய இன்னும் அத்தனை நாழிகை.

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கிறது. தஞ்சையில் சூரியன் தலைக்குமேல் வரும் ஏப்ரல் 18 வாக்கில், 8 விரல் நின்றால் சூரியன் 45 டிகிரி உயரத்தில். உண்மையில் விடிந்து 7.7 நாழிகை. 12 விரலுக்கு 12.2. ஏழு நிமிடத்துக்குள் பிழை. காலையில் மட்டும், 4 விரல் நிற்கும்போது உண்மை 3.2 நாழிகைதான், இருபது நிமிடம் கூடுதலாகச் சொல்கிறது.

டிசம்பர் கடைசியில் கதை வேறு. உச்சியிலேயே சூரியன் 56 டிகிரிக்கு மேல் ஏறாது. துரும்பு 9½ விரலுக்கு மேல் நிற்காது. அப்போது விடிந்து 14 நாழிகை ஆகியிருக்கும். பிழை இரண்டு மணி நேரத்துக்கு அருகில். சூரியனின் உயரத்தை மட்டும் அளக்கும் எந்த முறைக்கும் இதுதான் விதி. பருவத்துக்குத் திருத்தம் வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் மாடி வீட்டுப் பால்கனியில் வைக்கலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

அட்சரேகை 1.3 என்பதால் தோட்டத்து வகையில் மாலை 5 மணிக் கோடுகூட 5 டிகிரிக்குள் நின்றுவிடும்; அதை மறந்துவிடுங்கள். துருவக் கடிகாரமோ அரை பைப்போ சரி. 20 செ.மீ. பலகைக்கு வடக்கு விளிம்பை 4½ மி.மீ. தூக்கினால் போதும். உங்கள் நேரம் 120 தீர்க்கரேகைக்கு உரியது, ஊர் இருப்பது 103.8-இல், 65 நிமிடம் கூட்டுங்கள். பால்கனிக்கு மேல் கூரை இருந்தால் உச்சி வெயில் எட்டாது.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருந்தவருக்கும் இங்கேயே: உங்களுக்கு 10 நிமிடம் கூட்ட வேண்டும். ஆனால் கல்லில் வெட்டுவதாக இருந்தால் சூரிய நேரத்தையே வெட்டி, திருத்தத்தைத் தனித் தகட்டில் எழுதுங்கள். இலங்கையின் நேரம் 1996-இல் இருமுறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பியது. திருத்தத்தோடு வெட்டிய கல்லை அத்தனை முறை மாற்ற முடியாது.

கேள்வி: எல்லாத் திருத்தமும் போட்ட பிறகும் என் துருவக் கடிகாரம் சில நிமிடம் பிசகுகிறது. எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், திருச்சி)

ஒரு நாள் பிழையை வைத்துச் சொல்ல முடியாது. காலை 9, நண்பகல், மாலை 3 என மூன்று வேளையும், டிசம்பரில் ஒருமுறை ஜூனில் ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். பிழை மாறும் விதமே இடத்தைக் காட்டும்.

எல்லா வேளையும், எல்லாப் பருவமும் ஏறக்குறைய ஒரே அளவு பிசகினால் பலகை கிழக்கு மேற்காக மட்டமில்லை, அல்லது தீர்க்கரேகைத் திருத்தம் தவறு. நம் பக்கத்தில் பூமியின் அச்சு கிட்டத்தட்டத் தரையோடு படுத்திருப்பதால், கிழக்கு மேற்கில் 1 டிகிரி சாய்ந்தால் 4 நிமிடம் முழுதாகப் போய்விடும். மொட்டை மாடியில் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று வாட்டமே இரண்டு நிமிடத்துக்கு மேல். ரசமட்டத்தைத் தரையில் வைக்காமல் பலகையின்மேல் வையுங்கள்.

டிசம்பர் நண்பகலில் அதிகமாகவும், ஜூன் நண்பகலில் குறைவாக எதிர்ப்பக்கமாகவும் பிசகினால் வடக்கு தவறு. 1 டிகிரி திரும்பியிருந்தால் டிசம்பரில் இரண்டரை நிமிடம், ஜூனில் ஒரு நிமிடத்துக்குள்.

நண்பகலில் சரியாக இருந்து, காலையிலும் மாலையிலும் எதிரெதிர்ப் பக்கம் பிசகினால் இரண்டு காரணம் உண்டு. டிசம்பரிலும் ஜூனிலும் அந்தப் பிசகு திசை மாறினால் பலகையின் வடக்குச் சாய்வு தவறு. 1 டிகிரிக்கு அதிகபட்சம் ஒன்றே முக்கால் நிமிடம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒன்றுமே தெரியாது. பருவம் மாறியும் திசை மாறாவிட்டால் முள்ளின் உயரம் தவறு. சூரியக் கடிகாரம் காலையில் பின்தங்கியும் மாலையில் முந்தியும் காட்டினால் முள் உயரம் அதிகம், அரத்தால் ராவலாம். மாறாக இருந்தால் முள் குட்டை, புதிதாக வெட்டுங்கள்.